போதையில் போனவரின் பிள்ளைகளுக்கு என்ன வழி? உள்துறை அமைச்சுக்கும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

அமைச்சுகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் 2024லிருந்து மே மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமையைப் போதைப்பொருளால் பாதிக்கப்பட்டவர்களை நினைவுகூரும் நாளாக வைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம், நான் குறை சொல்ல வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை முடிந்து மறுநாள் விடிந்ததும் அந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கத்தான் வந்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதைப்பொருள் அளவு மீறி ஒருவர் இறந்துபோனால் அவர் விட்டுப்போன பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளை வளர்க்கிற தாத்தா பாட்டிக்கும் அரசாங்கம் ஓர் இழப்பீட்டுத் தொகை தர வேண்டும், அதைக் கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்கிற பணத்திலிருந்து தர வேண்டும். இவ்வளவுதான் என் கோரிக்கை. மீதியெல்லாம் ஏன், எப்படி என்பது.

நான் பெரிய ஆள் இல்லை. கணக்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் யாருக்காவது ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், "அங்கிள், இது என்னான்னு கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவருவார்கள். நகர மன்றக் கடிதம், மத்திய சேம நிதிக் கடிதம், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் விண்ணப்பம், பிள்ளைக்குப் பள்ளி உதவிநிதி, எல்லாவற்றையும் பார்த்து நிரப்பித் தருவேன். சாவு விழுந்த வீட்டுக் காகிதங்களும் வரும். அதில் ஒரு வகைச் சாவைப் பற்றி மட்டும் எங்கள் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்த வீட்டில் நடப்பது இதுதான். குளியலறைக் கதவை உடைத்துப் பார்த்தால் பையன் விழுந்து கிடப்பான். ஆம்புலன்ஸ் வரும், போலீஸ் வரும். இயற்கையான சாவு இல்லை என்பதால் மரண விசாரணை அதிகாரி பார்த்த பிறகுதான் உடலைத் தருவார்கள். சவக்கிடங்குக்கு வெளியே காத்திருக்கிற நேரத்திலேயே சித்தப்பா, மாமா, பெரியம்மா எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: யார் கேட்டாலும் மாரடைப்பு என்று சொல்லிவிடுவது. முப்பத்து நாலு வயதில் மாரடைப்பா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியும். புளோக்குக்குக் கீழே பந்தல் போட்டு ராத்திரி முழுக்க ஆள் வந்துபோகிற மாதிரி வைக்க மாட்டார்கள், காலையில் கொண்டுவந்து மத்தியானமே மண்டாய் தகனச்சாலைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு.

பொய் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபம் இல்லை, கல்யாண வயதில் தங்கச்சி இருக்கிற வீடு வேறு என்ன சொல்லும்? ஆனால் மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்ன வீடு அப்புறம் உதவி கேட்டு எங்கேயும் போக முடிவதில்லை. ஏன் இறந்தார், எத்தனை நாளாகப் பழக்கம், மறுவாழ்வு நிலையத்துக்கு எத்தனை தடவை போனார், மனைவி எங்கே என்று கேள்வி வருமே என்று பயந்து, வருகிற உதவியையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பாட்டியைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எழுபது தாண்டியவர், ஈரறை வாடகை வீடு, மகன் போய்விட்டான், மருமகள் எங்கே என்று தெரியாது, இரண்டு பேத்திகள். கோங் குவான் பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார், வீட்டுக் காகிதம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. சின்னவளின் தடுப்பூசிப் புத்தகம், ஈமச்சடங்குக்காரர் கொடுத்த பில், மகன் பெயரில் எடுத்த தொலைபேசி ஒப்பந்தம், அப்புறம் காப்புறுதி நிறுவனத்திலிருந்து வந்து பிரிக்கப்படாமலே கிடந்த உறைகள். பிரித்துப் பார்த்தேன். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத்தின் சந்தா கட்டப்படவில்லை, சேமநிதிக் கணக்கில் போதிய பணம் இல்லை, ரொக்கமாகக் கட்டாவிட்டால் காப்புறுதி காலாவதியாகும் என்று எச்சரிக்கை. அடுத்த உறையில், காலாவதியாகிவிட்டது என்ற செய்தி.

இந்தத் திட்டம் உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 21 வயதுக்கு மேல் முதன்முதலாகச் சேமநிதிச் சந்தா கட்டும்போது தானாகவே சேர்ந்துவிடுகிற காப்புறுதி. 60 வயதுக்குள் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 70,000 வெள்ளி கிடைக்கும். ஆண்டுச் சந்தா ரொம்பக் குறைவு, சேமநிதியிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். ஒழுங்காக மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பிரச்சினையே இல்லை. மறுவாழ்வு நிலையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டு, வெளியே இருக்கிற நாளிலும் சாமான் ஏற்றி இறக்கி அன்றன்று கைக்காசு வாங்குகிறவனுக்குச் சேமநிதிக் கணக்கில் என்ன இருக்கும்? சட்டப்படி எல்லாம் சரிதான், யார்மேலும் தப்பு இல்லை. ஆனால் எந்த வீட்டுக்கு அந்தப் பணம் ரொம்பத் தேவையோ அந்த வீட்டில்தான் அது இருக்காது. பாட்டியிடம் விவரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது போவட்டும் தம்பி, சின்னதுக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு டீச்சர் எழுதிவுட்டுருக்காங்க, கண்ணாடிக்கு எங்க எழுதிப் போடணும்?" என்றார்.

கண்ணாடிக்கு எழுதிப் போட்டோம், வந்தது. அது வேறு விஷயம்.

இழப்பீடு என்றதும் அமெரிக்கா ஞாபகம் வரும், உங்களுக்கும் வரும், அதனால் அதைப் பேசிவிடலாம். அங்கே நடந்தது வேறு கதை. பர்டியூ ஃபார்மா என்ற நிறுவனம் 1996ல் ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அடிமையாகிவிடுகிற ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. முதுகுவலிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் மருந்துச்சீட்டோடு வாங்கியவர்கள் அதற்கு அடிமையானார்கள், பலர் அப்புறம் ஹெராயினுக்கும் ஃபென்டனிலுக்கும் போனார்கள். ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அளவு மீறிய போதையில் செத்தார்கள். வழக்குமேல் வழக்கு வந்ததும் 2019ல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நிறுவனத்தின் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்து எழுதிய சமரசத்தை 2024 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று தள்ளுபடி செய்தது. திரும்பவும் பேசி, 7 பில்லியன் டாலருக்கு மேல் புது ஏற்பாடு வந்தது. அதில் பெரும்பங்கு மாநிலங்களுக்கும் ஊராட்சிகளுக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிடைப்பது ஓரத்துப் பங்குதான். பழைய சமரசத்தில் ஒரு ஆளுக்கு 3,500லிருந்து 48,000 டாலர் வரை என்று போட்டிருந்தார்கள், அதிலும் வக்கீல் செலவு கழியும்.

அந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். இழப்பீடு கேட்டவர்களிடம் அந்த நிறுவனத்தின் மருந்துதான் எழுதிக்கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் காட்டச் சொன்னார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய மருந்துச்சீட்டை யார் வைத்திருப்பார்கள்? கிளினிக் மூடியிருக்கும், மருந்துக்கடை கணினியில் அழித்திருப்பார்கள். பணம் ஒதுக்கினார்கள், ஆனால் பிள்ளையைப் புதைத்தவர்களில் எத்தனையோ பேர் காகிதம் இல்லாததால் வெளியே நின்றார்கள். நம் ஊரில் அந்தத் தலைவலியே வேண்டியதில்லை. இங்கே இப்படிப்பட்ட சாவு மரண விசாரணை அதிகாரியிடம் போகிறது, இரத்தத்தில் என்ன இருந்தது என்பது அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. பாட்டி பிஸ்கட் டின்னில் தேட வேண்டிய காகிதம் எதுவும் இல்லை.

இங்கே யாரும் மருந்துச்சீட்டு எழுதி ஹெராயின் விற்கவில்லையே, அரசாங்கம் என்ன தப்பு செய்தது, எதற்கு இழப்பீடு என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1971லேயே மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவை அமைத்தவர்கள் நாம், 1973ல் சட்டம் போட்டவர்கள் நாம். அரசாங்கம் தூங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு செய்தவர்தான் பணம் தரவேண்டும் என்று நீங்களே எப்போதும் வைத்துக்கொண்டதில்லை. கொவிட் தடுப்பூசி போட்டு ஒருவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ 225,000 வெள்ளி வரை தர 2021ல் ஒரு திட்டம் கொண்டுவந்தீர்கள். தடுப்பூசியைத் தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, கொடுத்தீர்கள், யாருக்கும் கௌரவம் குறையவில்லை. காப்புறுதி இல்லாத வண்டி இடித்தாலும், இடித்துவிட்டு ஓடிப்போனாலும், அடிபட்டவருக்குத் தர மோட்டார் காப்புறுதி நிறுவனங்களின் அமைப்பு ஒன்று 1970களிலிருந்தே இருக்கிறது. ஓடிப்போனவன் கிடைக்காவிட்டால் அடிபட்டவன் சும்மா இருக்கட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

போதைப்பொருளிலும் இடித்துவிட்டு ஓடிப்போனவன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பிடித்தால் கூட இந்தக் குடும்பத்துக்குப் பைசா வராது. அடிதடி வழக்கென்றால் குற்றவாளி அடிபட்டவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். கடத்தல் வழக்கில் அப்படி வந்து நிற்கப் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தியவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் இருக்கிறது (அது சரியா தப்பா என்ற சண்டைக்கு இந்தக் கடிதத்தை இழுக்காதீர்கள், அது தனி), ஆனால் அவன் விற்றதை வாங்கிச் செத்தவனின் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு நாள் சாப்பாடு கூட வராது.

அவன் சொத்து வரும். கடத்தலில் சம்பாதித்ததைப் பறிமுதல் செய்ய 1990களின் தொடக்கத்திலிருந்தே சட்டம் வைத்திருக்கிறோம். ஒருவரிடம் இருக்கிற சொத்து அவர் வருமானத்துக்குப் பொருந்தாமல் இருந்தால், அது கடத்தலில் வந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அவ்வளவு கடுமையான சட்டம். வண்டி, ரொக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் அரசாங்கத்துக்கு வருகிறது, வந்து பொது நிதியில் கலந்துவிடுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, கலப்பதற்கு முன்னால், தனியாக எடுத்து வையுங்கள் என்கிறேன். அந்தப் பணம் எங்கிருந்து போனது? இந்த வீடுகளிலிருந்துதானே போனது. அந்தப் பாட்டியின் தாலிக்கொடி, மகன் தூக்கிக்கொண்டு போய் அடகு வைத்தது, அதுவும் சுற்றிச் சுற்றி எவன் பையிலோ போய்ச் சேர்ந்திருக்கும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தெரியும். உங்களிடமிருந்து இல்லை, எங்கள் ஆட்களிடமிருந்தே வரும். காப்பிக்கடையில் இதைப் பேசிப் பார்த்தேன். "அவன் ஊசி போட்டுச் செத்ததுக்கு நம்ம காசைக் குடுக்கணுமா? அப்ப ஒழுங்கா இருக்கறவன் முட்டாளா?" என்று ஒருவர் கேட்டார், கப்பைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். அவர் காசு இல்லை, கடத்தல்காரன் காசு என்றேன். அதற்குக் கொஞ்சம் இறங்கினார். செத்தவனுக்கு இல்லை, ஆறு வயசுப் பிள்ளைக்கு என்றேன். அதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டதாகவும் நான் சொல்ல மாட்டேன். இந்தக் கணக்கில் இந்தியர்கள் ரொம்ப வாயடைத்துப் போகிறோம், மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஒன்பது பேர்தான், போதைப்பொருள் வழக்கில் பிடிபடுகிறவர்களில் நம் பங்கு அதைவிட அதிகம். வெட்கம் இருக்கிறது. வெட்கப்படுகிற வீடு மற்ற வெட்கப்படுகிற வீட்டைப் பார்த்துத்தான் அதிகம் கத்துகிறது.

உங்கள் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் என்று நீங்கள் சொல்லும்போது, போதையில் இருந்தவன் அடித்த மனைவி, போதையில் இருந்தவன் வண்டியால் இடித்த வழிப்போக்கர், இவர்கள் முதலில் வருகிறார்கள். வரட்டும். போதையில் செத்தவனின் பிள்ளையும் அதே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வீட்டுக்குள்ளே அடித்தவனும் அடிபட்டவளும் செத்தவனும் அழுகிறவளும் ஒரே சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்தார்கள். பிள்ளைக்கு அப்பாதான் போனார், குற்றவாளி போகவில்லை. 2024ல் பிடிபட்டவர்கள் 3,119 பேர், புதிதாகப் பழகியவர்களில் பாதிக்கு மேல் 30 வயதுக்கும் கீழே என்று நீங்களே கணக்குச் சொன்னீர்கள். 30 வயதுக்குக் கீழே என்றால் கையில் பச்சைக் குழந்தை இருக்கிற வயசு. கைதுக் கணக்கு வெளியிடுகிறபோது பக்கத்திலேயே சாவுக் கணக்கையும், விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை என்பதையும் போடுங்கள்.

சரி, எப்படிக் கொடுப்பது. மொத்தமாகக் கையில் கொடுக்காதீர்கள். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்: இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் மட்டும் பழக்கத்தில் இருப்பது குறைவு. மனைவி இருக்கலாம், தம்பி இருக்கலாம், கடன் கொடுத்த ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரன் கீழே நிற்கலாம். எழுபதாயிரத்தை ஒரே நாளில் அந்த வீட்டுக்குள் போட்டால் அடுத்த சாவுக்கும் நாமே பணம் கட்டிய மாதிரி ஆகும். சவ அடக்கச் செலவை உடனே, ஈமச்சடங்குக்காரருக்கே நேரடியாகக் கட்டுங்கள். அந்த பில்லுக்காகத்தான் முதல் வாரமே நகையும் நட்பும் போகிறது. அப்புறம் பிள்ளை படித்து முடிக்கிற வரை மாதாமாதம், வளர்க்கிறவர் யாரோ அவர் கணக்குக்கு. வளர்க்கிறவர் பெரும்பாலும் பாட்டிதான், அவருக்குச் சட்டப்படி காப்பாளர் என்று காகிதம் இருக்காது, அந்தக் காகிதத்தை வாங்கிக்கொடுக்கிற வேலையையும் நீங்களே செய்துகொடுங்கள், வக்கீலிடம் அனுப்பாதீர்கள்.

கம்கேர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானே எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அது வறுமைக்கான உதவி. சில மாதத்துக்குத் தருவார்கள், முடிந்ததும் வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று திரும்பவும் காட்ட வேண்டும். நான் கேட்பது ஒரு தடவை முடிவானால் பிள்ளை பெரியவளாகிற வரை யாரும் திரும்பக் கேட்காத ஏற்பாடு.

விண்ணப்பம் வாங்குகிறவர் கையில் சிறுநீர்ச் சோதனைக் குப்பி இருக்கக் கூடாது. அதாவது, உதவி கேட்டு வந்ததையே காரணமாக வைத்து அந்த வீட்டில் சோதனை போடக் கூடாது. வேறு காரணத்துக்காகப் போட வேண்டுமென்றால் போடுங்கள், அது உங்கள் வேலை, ஆனால் இந்த வாசல் அந்த வாசலுக்குப் போகக் கூடாது. எழுத்தில் கொடுத்தால்தான் நம்புவார்கள், வாய்வார்த்தைக்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லை.

மின்சிகரெட்டையும் மறக்காதீர்கள். கேபொட் என்கிற மின்சிகரெட்டில் கலக்கிற மயக்க மருந்தான எட்டோமிடேட்டை 2025 செப்டம்பர் 1ல்தான் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தீர்கள். அதற்கு முன்னால் அதை இழுத்து ஒரு பிள்ளை இறந்திருந்தால், பட்டியலில் இல்லாத பொருள், தகுதி இல்லை என்று யாராவது பதில் எழுதிவிடப் போகிறார்கள். ஆகஸ்டில் செத்தவனுக்கு இல்லை, செப்டம்பரில் செத்தவனுக்கு உண்டு என்று தாய் தகப்பனிடம் சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வராது. அதை இப்போதே விதியில் எழுதிவிடுங்கள்.

பணத்தைத் தவிர ஒன்று. தற்கொலையில் பறிகொடுத்தவர்களுக்கு தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் ஓர் ஆதரவுக் குழு நடத்துகிறது. போதையில் பறிகொடுத்தவர்களுக்கும் அப்படி ஒன்றுக்கு இந்த நிதியிலிருந்து செலவு செய்யலாம், தமிழிலும் பேசுகிற ஆள் ஒருவரோடு. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வார நாளில் பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே நேரம் சரியாக இருக்கும்.

எந்த ஆண்டிலிருந்து கணக்கில் எடுப்பது, எவ்வளவு தொகை என்பதெல்லாம் உங்கள் கணக்கர்கள் பார்க்கட்டும். இன்னும் பள்ளியில் இருக்கிற பிள்ளை யாரும் பழைய சாவு என்பதற்காக விட்டுப்போகக் கூடாது, அதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து இந்தக் கடிதத்தின் நகலைக் கொடுக்கப் போகிறேன், வரிசை எண் வாங்கி உட்கார எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அப்புறம், விண்ணப்பப் படிவம் அடிக்கிற நிலைக்கு வந்தால் தமிழ்ப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நம் ஊர் அறிவிப்புப் பலகைகளில் தமிழ் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். பிழை பார்த்து இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன், கூலி வேண்டாம்.